தோரோங் லா: எட்டுப் பேர் போனோம், ஏழு பேர் கடந்தோம்

நொய்யல்காரன்:

ஊருக்கு வந்து 12 நாள் ஆகிறது. வலது கால் பெருவிரல் நகம் கறுத்து, இன்றோ நாளையோ விழக் காத்திருக்கிறது. மூக்கில் உரிந்த தோல் மட்டும் ஆறிவிட்டது. கிளம்பும் முன் ஷூ, கையுறை, தூங்கும் பை என்று நான் கேட்ட அத்தனை கேள்விக்கும் இங்கே பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். "போய்வந்து எழுதுங்கள்" என்றும் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் வழிக்குறிப்பு அல்ல, அதை ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியாயிற்று. உறுத்திக்கொண்டே இருக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. அதை எங்காவது இறக்கி வைக்க வேண்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நாங்கள் கோவையிலிருந்து எட்டுப் பேர். வருடம் தவறாமல் வெள்ளியங்கிரி ஏறும் கூட்டம். ஏழாவது மலையில் நின்றுகொண்டு "அடுத்தது இமயமலைதான்" என்று சொல்லிச் சொல்லியே நான்கு வருடம் போனது, ஐந்தாவது வருடம் கிளம்பிவிட்டோம். நேபாளத்தில் அன்னபூர்ணா சுற்றுப்பாதை. பெசிசஹரிலிருந்து ஜீப்பில் சாமே (2,670 மீட்டர்), பிறகு நடை. மேல் பிசாங், மனாங், யாக் கார்க்கா, தோரோங் ஃபேடி, ஹை கேம்ப், 5,416 மீட்டரில் தோரோங் லா கணவாய், அந்தப் பக்கம் இறங்கினால் முக்திநாத். நம்மூரில் உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். முதல் ராத்திரி படுத்த சாமேயே அதைவிட உயரம். அதை அன்றைக்கு நாங்கள் பெருமையாகப் பேசிக்கொண்டோம், எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

மனாங்கில் மூன்று ராத்திரி தங்குவதாகத் திட்டம். வரும் வழியில் மண்சரிவில் ஜீப் ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டதால் அதை இரண்டாகக் குறைத்தேன். திரும்பும் விமான டிக்கெட் போட்டாயிற்றே. அங்கே இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவமனையில் சீசன் நாட்களில் மதியம் மூன்று மணிக்கு உயர நோய் (உயரத்தில் காற்று மெலிவதால் வருவது) பற்றி வகுப்பு எடுக்கிறார்கள். எட்டுப் பேரும் போனோம், முன்வரிசையில் உட்கார்ந்தோம், நன்றாகத் தலையாட்டினோம். அடுத்த நாள் யாக் கார்க்கா, 4,050. அதற்கு அடுத்த நாள் ஃபேடியில் (4,450) தங்க வேண்டும். மதியம் பன்னிரண்டுக்கே ஃபேடி வந்துவிட்டோம். வெயில் அடித்தது, எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். "இன்றைக்கே ஹை கேம்ப் ஏறிவிட்டால் நாளைக்குக் கணவாய் சுலபம்" என்று சொன்னவன் நான். கைடு முகத்தைச் சுளித்தார். எட்டுப் பேரும் சரி என்றதும் விட்டுவிட்டார். ஹை கேம்ப் 4,880. ஒரே நாளில் படுக்கும் இடம் 830 மீட்டர் உயர்ந்துவிட்டது.

ராத்திரி எட்டு மணிக்கு எங்களில் ஒருவர் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே போய் வாந்தி எடுத்தார். குடித்த பூண்டு சூப் அப்படியே வந்தது. கைடு அவரைக் கூப்பிட்டு, தரைப் பலகையின் கோட்டில் ஒரு குதிகாலை இன்னொரு காலின் நுனியில் ஒட்டிவைத்து நடக்கச் சொன்னார். மூன்று அடி சரியாக வைத்தார். நான்காவது அடியில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "இப்பவே கீழே" என்றார் கைடு. விடியும் வரைக்குமாவது பார்க்கலாமா என்ற பேச்சுக்கே அவர் இடம் கொடுக்கவில்லை. துணைக் கைடும் ஒரு போர்ட்டர் பையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ளத் தயாரானார்கள். அப்புறம் கைடு எங்களைப் பார்த்து, "நண்பர் ஒருத்தர் கூடப் போனா அவருக்குத் தைரியமா இருக்கும். போறவங்க நாளைக்குக் கணவாய்க்கு வர முடியாது" என்றார்.

ஏழு பேர் இருந்தோம். யாரும் பேசவில்லை. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகர அடுப்பின் கதவில் ஒரு திருகு இல்லை, அந்த ஓட்டை வழியாகச் சிவப்பாகத் தெரிந்தது. அந்த ஓட்டை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவர்கள் மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு போன சத்தம் கேட்டது.

அவர் நலம். அன்றைக்கு ராத்திரியே ஃபேடி வரை இறக்கினார்கள், காலையில் தெளிந்துவிட்டார். போக்ரா நகரத்தில் எங்களோடு சேர்ந்துகொண்டார், சேர்ந்தே ஊருக்கு வந்தோம். யாரும் அந்த ராத்திரியைப் பற்றிப் பேசவில்லை. வாட்ஸ்அப் குழுவில் போட்டோக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதேபோல் யாருக்காவது நடந்திருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

பெட்டிக்கடை:

அண்ணே, முதலில் அவர் நல்லபடியாக வந்து சேர்ந்ததற்கு மகிழ்ச்சி. மற்றதைப் பெரிதாக்காதீர்கள். நீங்கள் கூடப் போய் என்ன செய்திருக்கப் போகிறீர்கள்? இருட்டில் உங்களையும் சேர்த்துப் பிடிக்க வேண்டிய வேலைதான் அவர்களுக்கு. கைடு வைத்தோம், காசு கொடுத்தோம், அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். 2023 ஏப்ரலிலிருந்து அங்கே கைடைக் கட்டாயமாக்கியதே இதற்குத்தானே.

மருந்துச்சீட்டு:

நான் மருத்துவர், மலை ஆசையும் உண்டு. நண்பர் பிழைத்தது கைடின் புண்ணியம். கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

3,000 மீட்டருக்கு மேல் போனபின், முந்தின ராத்திரி படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் படுக்கக் கூடாது. மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி தங்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை, படுக்கிற உயரம்தான் கணக்கு. 830 என்பது அந்தக் கணக்குக்கு ரொம்பத் தூரம். ஃபேடியில் தங்கி, சாயங்காலம் ஹை கேம்ப் வரை சும்மா ஏறி இறங்கியிருந்தால் உடம்புக்கு அது பயிற்சியாகவே ஆகியிருக்கும்.

தலைவலி, குமட்டல், சோர்வு, இவை ஆரம்பக் கட்டம். அந்த நிலையில் மேலே ஏறாமல் அங்கேயே நின்றால் பெரும்பாலும் சரியாகிவிடும். நடை தள்ளாடினால் கதை வேறு. மூளையில் வீக்கம் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே இறக்க வேண்டும். குழப்பம் வரும், அப்புறம் மயக்கம், அப்புறம் சொல்ல விரும்பவில்லை. டெக்சாமெத்தசோன் முதலில் 8 மில்லிகிராம், பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை 4. அது இறங்குவதற்கு நேரம் வாங்கிக் கொடுக்கும் மருந்து, இறங்குவதற்குப் பதில் அல்ல. 430 மீட்டர் இறங்கியதிலேயே அவர் தெளிந்தது அதிர்ஷ்டம், நானாக இருந்தால் இன்னும் கீழே கொண்டுபோகப் பார்த்திருப்பேன்.

வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களுக்கு இன்னொன்று. கால் வலுவுக்கும் உயர நோய்க்கும் சம்பந்தம் இல்லை. வலுவுள்ளவர் வேகமாக ஏறிவிடுவார் என்பதால் அவருக்குத்தான் ஆபத்து சீக்கிரம் வரும். பூண்டு சூப் பற்றிக் கேட்காதீர்கள், அது சூப், அவ்வளவுதான்.

தொட்டபெட்டா:

டாக்டர் ஐயா, உயர நோய்க்கு முன்கூட்டியே போடுகிற டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டு போனால் இதெல்லாம் வராதே?

மருந்துச்சீட்டு:

வரும் வாய்ப்புக் குறையும். வரவே வராது என்று இல்லை. தடுப்புக்குப் பெரியவர்களுக்குக் காலையும் மாலையும் 125 மில்லிகிராம் போதும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. விரல் நுனி மரத்தமாதிரி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். மைனஸ் பத்தில் ராத்திரி மூன்று முறை எழுந்து போகும்போது என்னைத் திட்டாதீர்கள்.

கடைசிஆள்:

நானும் அந்த எட்டில் ஒருத்தி. இங்கே படிப்பேன், எழுதியதில்லை. இதைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு 52 வயது, கூட்டத்தில் மூத்தவள். எப்போதும் கடைசியில் நடப்பவள், பெயரே அதனால்தான். தம்பி எழுதியது எல்லாம் சரி. ஒன்றை மட்டும் அவர் எழுதவில்லை, அவருக்குத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி எனக்கும் தலைவலி. நெற்றிப்பொட்டில் யாரோ கட்டை விரலால் அழுத்துகிறமாதிரி. யாக் கார்க்காவிலேயே ஆரம்பித்துவிட்டது. சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? மனாங்கிலிருந்தே ஆக்ஸிமீட்டர்ப் போட்டி நடந்தது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுமே, அந்தக் கருவி. சாப்பாடு வரும்வரை ஆளாளுக்கு விரலை மாட்டி, "எனக்கு 88", "எனக்கு 91" என்று பரீட்சை மார்க் மாதிரிச் சொல்லிக்கொண்டோம். எனக்கு 79 வந்தது. கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டி 84 வாங்கினேன். வாங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஏற்கெனவே மெதுவாக நடக்கிறவள். இதையும் சொன்னால் "அக்காவை விட்டுட்டுப் போயிடலாம்" என்று ஆகிவிடுமோ என்ற பயம்.

ஊருக்கு வந்தபின் எங்கள் குழுவில் தனித்தனியாகப் பேசினேன். என்னையும் அவரையும் சேர்த்து நான்கு பேருக்கு அன்றைக்குத் தலைவலி இருந்திருக்கிறது. எட்டில் நான்கு. ஒருவர் வாயும் திறக்கவில்லை.

குதிரை விஷயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், யாராவது கிண்டலாகச் சொல்லும் முன். விடிகாலை நாலரைக்கு ஹை கேம்ப்பிலிருந்து கிளம்பினோம். இருட்டில், கடைசியில் நடப்பவள் பக்கமாகவே குதிரைக்காரர் ஒருவர் ஒன்றும் பேசாமல் வந்துகொண்டிருந்தார். கழுகு வட்டமிடுகிறமாதிரி. ஒரு மணி நேரம் கழித்து நான்தான் "எவ்வளவு?" என்று கேட்டேன். பாதிக்கு மேல் குதிரையில்தான் போனேன். கணவாயில் நின்ற போட்டோவில் எனக்குப் பின்னால் அந்தக் குதிரை தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. அதற்கே வெட்கம்போல.

வைகைக்கரை:

அக்கா, குதிரைக்கு வெட்கப்பட வேண்டாம். 79-க்கும் வெட்கப்பட வேண்டாம். அந்த உயரத்தில் எழுபதுகளில் வருவது சாதாரணம். குளிர்ந்த விரல், நகப்பூச்சு எல்லாம் எண்ணை மாற்றும். 91 வந்தவர் படுத்துவிடுவார், 78 வந்தவர் பாட்டுப் பாடிக்கொண்டு போவார். கருவியைப் பார்க்காமல் ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நான் இரண்டு முறை அந்தக் கணவாயைக் கடந்தவன். போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒரு கதைதான். 2014 அக்டோபர் 12-ம் தேதி ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியது. நாம் டிவியில் ஆந்திராவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் மிச்சம் வடக்கே போய் இரண்டு நாள் கழித்து, 14-ம் தேதி, அன்னபூர்ணா பக்கம் பனியாகக் கொட்டியது. அக்டோபர் நடுவில், வானம் கண்ணாடிபோல இருக்க வேண்டிய சீசனில். குறைந்தது 43 பேர் செத்தார்கள். வெளிநாட்டவர், கைடுகள், போர்ட்டர்கள், எல்லோரும். கணவாயில் இருக்கும் அந்தச் சின்ன டீக்கடைக்குள் ஒண்டியிருந்துவிட்டு, கீழே முக்திநாத்துக்கு இறங்கிவிடலாம் என்று கிளம்பிப் போனவர்கள் பலர். "டிக்கெட் போட்டாயிற்று" என்று யாராவது சொன்னால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

பீளமேட்டுப்பையன்:

நானும் அந்த எட்டில் ஒருத்தன்தான். இதைப் பொதுவில் எழுதியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. குழுவில் பேசியிருக்கலாம்.

எழுதியதுதான் எழுதினீர்கள், முழுசா எழுதுங்கள். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால் காந்திபுரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சட்டம் போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "யாருக்கு முடியலையோ அவங்க இறங்கணும், மத்தவங்க போய்க்கிட்டே இருக்கணும். ஒருத்தருக்காக எட்டுப் பேரும் நிக்கக் கூடாது." எல்லோரும் கைதூக்கினோம். இறங்கியவரும்தான் கைதூக்கினார். அன்றைக்கு ராத்திரி நான் பேசாமல் இருந்தது அந்தச் சட்டப்படிதான். ஒன்றரை லட்சம் வங்கிக் கடன் போட்டு வந்தவன் நான். இன்னொரு முறை எனக்கு லீவு கிடைக்காது. இதற்காக என்னை யாரும் கெட்டவன் என்று சொல்ல முடியாது.

நொய்யல்காரன்:

தம்பி, உன்னை யாரும் அப்படிச் சொல்லவில்லை. சட்டம் போட்டது நான்தான். எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். வேண்டுமென்றே விட்டேனா என்று கேட்டால் பதில் இல்லை.

அந்தச் சட்டம் அன்றைக்கு ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பட்டது. 411 மீட்டரில், கையில் வடையோடு போட்ட சட்டம் அது. அக்கா எழுதியதைப் படித்தபின்தான் அது என்ன வேலை செய்தது என்று புரிகிறது. தலைவலி என்று சொன்னவன் தனியாக இறங்கவேண்டும் என்று முதலிலேயே தீர்மானம் போட்டு வைத்தால் யார் சொல்வார்கள்? ஒருவருக்குத் தலைவலி என்றால் எட்டுப் பேரும் ஒரு ராத்திரி அங்கேயே தங்குவோம் என்று போட்டிருந்தால், யாக் கார்க்காவிலேயே நான்கு கை தூக்கியிருக்கும். ஒரு நாள் போயிருக்கும். விமான டிக்கெட்டை மாற்றியிருந்தால் ஆளுக்கு ஐயாயிரமோ என்னவோ.

சுமைதாங்கி:

எல்லோரும் எட்டுப் பேரைப் பற்றியே பேசுகிறீர்கள். இருட்டில் கூட இறங்கிய அந்தப் போர்ட்டர் பையன் என்ன ஆனான்? அதை யாருமே கேட்கவில்லையே.

நொய்யல்காரன்:

கேட்டதற்கு நன்றி. அதுதான் எனக்கு இன்னும் கூச்சமான இடம்.

நாலு போர்ட்டர்கள், ஆளுக்கு இரண்டு பை. பையன் ராத்திரி எட்டே முக்காலுக்கு அவரோடு இறங்கினான். துணைக் கைடு ஃபேடியில் அவரோடு தங்கிவிட்டார். பையன் மட்டும் திரும்ப ஏறி ஒரு மணிக்கு ஹை கேம்ப் வந்திருக்கிறான். நாலு மணிக்கு நான் தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, இரண்டு பைகளையும் ஒன்றாக வைத்துக் கயிறு போட்டுக்கொண்டிருந்தான். விரல்கள் கயிற்றில் ஒட்டாமல் இருக்க ஊதி ஊதி முடிச்சுப் போட்டான். நாம்லோ என்று ஒரு பட்டை, நெற்றியில் மாட்டிச் சுமையைத் தூக்குவார்கள். அதை மாட்டிக்கொண்டு எழுந்து, என்னைப் பார்த்து "குட் மார்னிங் சார்" என்றான். அந்த இரண்டு பையில் ஒன்று என்னுடையது. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. என் தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டதே என்ற கவலையில் இருந்தேன்.

டிப்ஸ் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கவர் போட்டுக் கொடுத்தோம். அதிலும் நியாயமாக நடந்துகொண்டதாக நினைத்தோம்.

பெட்டிக்கடை:

இப்போது அனுப்பலாமே அண்ணே? கைடு நம்பர் இருக்குமே.

சுமைதாங்கி:

அனுப்புங்கள். கையோடு இன்னொன்றையும் கேளுங்கள், அவனுக்கு என்ன கையுறை இருந்தது என்று. நேபாளத்தில் ஒரு போர்ட்டர் தூக்கும் எடைக்கு 30 கிலோ வரம்பு உண்டு. எடையை மட்டும் எல்லோரும் பார்ப்போம். அவன் ஜாக்கெட், ஷூ, கையுறை, அவனுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா, இதை கிளம்பும் முன் கேட்பவர்கள் குறைவு. உயர நோய் அவர்களுக்கும் வரும். பலர் கீழ்ப்பகுதி ஊர்களிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள், நம்மைப் போலத்தான்.

மோரும்சாதமும்:

பேச்சை மாற்றுகிறேன், மன்னிக்கவும். முக்திநாத் எப்படி இருந்தது? என் பாட்டி சாகும்வரை "சாளக்கிராமம் போகணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நொய்யல்காரன்:

கணவாயிலிருந்து கிட்டத்தட்ட 1,600 மீட்டர் இறக்கம். முட்டி இரண்டும் அன்றைக்கே போனது. ஏறுவதற்கு மட்டும் பயிற்சி எடுத்தவன் நான். காலை பத்து மணிக்கு மேல் அந்தப் பக்கம் காற்று ஆரம்பித்துவிடும், அதனால் நிற்கவும் முடியாது. எதிரே தவளகிரி, 8,167 மீட்டர். அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, கண்ணெல்லாம் அடுத்த அடியில்.

முதலில் தெரிவது கோவில் மதில் அல்ல, மரங்கள். மூன்று நாளாக மரமே பார்க்காத கண்ணுக்கு அது போதும். 108 திவ்யதேசங்களில் திருச்சாளக்கிராமம் என்று பெரியவர்கள் கொண்டாடும் இடம், திருமங்கையாழ்வார் பாடியது. கோவிலைச் சுற்றி அரைவட்டமாக 108 தாரைகள், ஒவ்வொன்றுக்கும் காளைமுகம். தண்ணீர் பனிக்கட்டி கரைந்த குளிர். அங்கே கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்த யாத்திரைக் கூட்டம் ஒன்று இருந்தது. போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானம், அங்கிருந்து ஜீப். ஒரு மாமி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். 800 மீட்டர் ஊரிலிருந்து 3,700-க்கு மேல் ஒரே காலையில் வந்திருக்கிறார்கள், யாருக்கும் ஒரு வகுப்பும் கிடையாது. எங்களைப் பார்த்து, "நீங்க எந்தப் பக்கமா வந்தேள்?" என்றார். மேலே மலையைக் காட்டினேன். "அந்தப் பக்கம் வழி இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "எத்தனை பேர் வந்தேள்?" என்றார். எட்டுப் பேர் என்று வாயில் வந்தது. ஏழு என்று திருத்திக்கொண்டேன்.

அங்கே ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்தோம், இறங்கிப்போனவரின் அம்மாவுக்காக. அவர் இந்தப் பயணத்துக்கே வந்தது அந்தத் தீர்த்தத்துக்காகத்தான்.

இன்னொரு அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கோவையில் ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டு போயிருந்தோம். எட்டுப் பேர் படம், எட்டுப் பெயர், "தோரோங் லா 5,416 மீ". கணவாயில் அதைப் பிரித்துப் பிடித்தோம். அவர் படம் வலது ஓரத்தில். காற்றில் அந்த ஓரம் மடிந்து மடிந்து வந்தது. போட்டோ எடுத்த கைடு, "அந்தப் பக்கம் யாராவது பிடிங்க" என்றார். பிடிக்க ஆள் இல்லை, அது அவர் நிற்க வேண்டிய இடம். கடைசியில் அந்தப் பக்கம் மடித்தே எடுத்தோம்.

வைகைக்கரை:

மலைக்கு ஃபிளெக்ஸா. ஆண்டவா. திரும்பக் கொண்டுவந்தீர்களா, இல்லை அங்கே கட்டியிருக்கும் பிரார்த்தனைக் கொடிகளோடு கட்டிவிட்டு வந்தீர்களா?

கடைசிஆள்:

என் பையில் இருக்கிறது தம்பி. மழைக்கு மாடியில் துணி மூட வைத்திருக்கிறேன்.

எட்டாவதுஆள்:

வணக்கம். அக்கா இந்த இழையின் சுட்டியை அனுப்பினார். நான்தான் அந்த இறங்கிப்போனவன். மூன்று நாளாகப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

முதலில் டாக்டருக்கு. நான் யாக் கார்க்காவில் காலையிலும் ஃபேடியில் மதியமும் பாராசிட்டமால் போட்டேன். வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன்தான் போட்டேன். தலைவலி விட்டது. விட்டதும் "ஒன்றுமில்லை, வெயில்தான்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹை கேம்ப் போகலாமா என்று கேட்டபோது முதலில் சரி சொன்னது நான். அண்ணன் அதை எழுதவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைப்பு. மறைத்தது நான், அதனால் பாதிப் பங்கு எனக்கு.

இறங்கியது அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. துணைக் கைடு பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் "உங்க ஊர் பேர் என்ன?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "சிங்காநல்லூர்" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு தடவை அது வாயில் வரவில்லை. ஊர் கண்ணில் தெரிகிறது, குளம் தெரிகிறது, பெயர் வரவில்லை. அப்போதுதான் பயந்தேன். அவர்கள் நின்று மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். பையன் முன்னால் போனான், நான் அவன் ஜாக்கெட்டின் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டேன். "பிஸ்தாரி, பிஸ்தாரி" என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். மெதுவா, மெதுவா என்று அர்த்தம். அந்தச் சுமைதாங்கி கேட்டாரே, சொல்கிறேன்: அவனுக்குக் கையுறை இருந்தது, கம்பளி நூல் கையுறை. வலது கையில் இரண்டு விரல் கிழிந்திருந்தது. அது எப்படித் தெரியும் என்றால், ஃபேடியில் எனக்கு வெந்நீர் டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தது அந்தக் கைதான்.

காலையில் தெளிவாக இருந்தேன். மனாங் வரை இறங்கி டாக்டரைப் பார்த்தோம், அப்புறம் ஜீப், அப்புறம் போக்ரா.

யாரும் கூட வராததற்குக் கோபமா என்று மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள். அந்த ராத்திரி இல்லை. போக்ரா வந்து சேர்ந்த சாயங்காலம் குழுவைத் திறந்து அந்த போட்டோவைப் பார்த்தபோது இருந்தது. என்னை மடித்துவைத்திருந்த போட்டோ. ஒரு மணி நேரம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தள்ளாடியது நானில்லாமல் பீளமேட்டுத் தம்பியாக இருந்திருந்தால் நான் அவனோடு இறங்கியிருப்பேனா? பத்து நாளாக யோசிக்கிறேன். இறங்கியிருப்பேன் என்று என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை.

பீளமேட்டுப்பையன்:

அண்ணா, போன் பண்றேன். எடுங்க.

நொய்யல்காரன்:

பையனுக்குக் கைடு மூலமாகப் பணம் அனுப்பிவிட்டோம். ஏழு பேரும் போட்டது. கையுறையும் வாங்கி அனுப்புவதாக அக்கா சொல்லியிருக்கிறார்.

அம்மாவிடம் தீர்த்தம் சேர்ந்ததா?

எட்டாவதுஆள்:

சேர்ந்தது. பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிப் பூஜை அறையில் வைத்துக்கொண்டார். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் உத்தரணியால் கொடுத்தாயிற்று. "நீயே புடிச்சதாடா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதுதான் இப்போது உறுத்துகிறது.

நொய்யல்காரன்:

அப்படியானால் நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அம்மாவிடம் போகக் கூடாது. முக்திநாத்தில் பிடித்தவன் நான். கை மரத்துப்போய் மூடியைச் சரியாகத் திருகவில்லை. ஜீப்பில் பாதி கொட்டிப் பையெல்லாம் நனைந்துவிட்டது. மீதியை போக்ரா லாட்ஜ் குழாயில் நிரப்பித்தான் உங்களிடம் கொடுத்தேன்.

எட்டாவதுஆள்:

பாதி போக்ரா தண்ணீரா? அப்போது சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாட்டிலை நிரப்பிக் கொண்டுவரச் சொல்லி லாட்ஜ் வாசலில் என்னிடம்தான் கொடுத்தீர்கள், மறந்துவிட்டதா? குடிக்கத்தான் என்று நினைத்துப் பிடித்துக் கொடுத்தேன்.

கடைசிஆள்:

ஐயோ, நான் அதிலிருந்து ஒரு மடக்குக் குடித்தேனே.